பிள்ளை சாப்பிடவில்லை என்றால்...

(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அன்பிற்குரிய தாய்மார்களே, சகோதரர்களே! நம் அலுவலகத்துக்குக் கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டு வரும் தாய்மார்கள் பலர், எழுந்து போகும் நேரத்தில் ஒன்று சொல்வார்கள்: "பிள்ளை ஒண்ணும் திங்க மாட்டேங்குது."

இதைப் பற்றிப் பேச எனக்கு உள்ள தகுதி, நானும் தவறு செய்தவன் என்பதுதான். என் மகனுக்கு அப்போது நான்கு வயது. சாளை மீன் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினான். எனக்குக் கோபம். கையைப் பிடித்துக்கொண்டு வாயில் திணித்தேன். அங்கேயே வாந்தி எடுத்தான். இன்று அவனும் ஒரு வாப்பா. இப்போதும் வீட்டில் சாளை பொரித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். மீன் தின்னப் பழக்க நினைத்தேன், வெறுக்கத்தான் பழக்கினேன்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். 3 கிலோ எடையில் பிறந்த குழந்தை ஒரு வயதில் சுமார் 9 கிலோ ஆகிறது. அடுத்த ஆண்டு கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையும். இரண்டு வயது முதல் ஐந்தாறு வயது வரை, பழகாத உணவைக் கண்டு மிரளுவதும் இயல்பே. கண்ணேறு பட்டதோ என்று கலங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பார்த்து, "பிள்ளை மெலிஞ்சு போச்சே, நீ என்ன செய்யிறா?" என்று மனைவியைக் கேட்கும் சகோதரர்களும் இதை மனதில் வையுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். ஒருமுறை உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, அது தம் ஊரில் இல்லாத உணவு, மனம் ஒப்பவில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள். அருகில் இருந்த காலித் பின் வலீத் (ரலி) அதை உண்டார்கள். அவர்களைத் தடுக்கவும் இல்லை. பெருமானாருக்கே மனம் ஒப்பாத உணவு ஒன்று இருந்தது என்றால், நான்கு வயதுப் பிள்ளைக்கு இருக்கக் கூடாதா?

அதற்காக அக்கறையை விட்டுவிடச் சொல்லவில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. எனவே என்ன உணவு, எந்த நேரம் என்பதை நாம் முடிவு செய்வோம். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு முடிவு செய்யட்டும்.

முருங்கைக்கீரைத் துவரனோ சிறுபயறோ, பிள்ளைக்குப் பிடித்த உணவுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வையுங்கள். தின்னாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். பத்து, பதினைந்து தடவைகூட ஆகலாம். நீங்களும் கூடவே உட்கார்ந்து அதையே தின்னுங்கள். "கீரை தின்னா மிட்டாய் தாறேன்" என்றால், கீரை ஏதோ தண்டனை என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். போனைக் காட்டி ஊட்டினால், வயிறு நிறைந்ததே அதற்குத் தெரியாது.

சோற்றுக்கு முன் தேயிலையும் ரஸ்க்கும், கடையில் தொங்கும் சிப்ஸும் பசியைக் கெடுத்துவிடும். தேயிலை உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும். நெல்லிக்காயும் கொய்யாவும் அது சேர உதவும்.

எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, மூன்று நான்கு உணவுக்கு மேல் எதையுமே தொடாவிட்டாலோ, மண், சாக்பீஸ் தின்றாலோ, முகம் வெளுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பாருங்கள்.

இன்று இரவு சோறு வைக்கும்போது, பிள்ளையோடு சண்டை போடாமல் ஒரு வேளை கழியட்டும். என் மகனுக்கு நான் தராத அந்த நிம்மதியை இப்போது என் பேரனுக்குத் தர முயல்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உடல்நலத்தையும் நமக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.