மாமையும் பசலையும்: ஆடை விளம்பரங்களில் நிறம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியமும் இன்றைய விளம்பரமும் என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கடல் போன்ற பொருள். அதில் ஒரு கை நீரை மட்டும் அள்ளிக்கொள்கிறேன். ஆடை, அணிகலன், ஒப்பனைப் பொருள் ஆகியவற்றின் விளம்பரங்களில் யாருடைய முகம் இடம்பெறுகிறது, யாருடைய முகம் இடம்பெறுவதில்லை என்பதே நான் எடுத்துக்கொண்ட செய்தி. பாவலர்கள் கூடிய அவையில் துணிக்கடை விளம்பரத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். அந்த ஐயம் எனக்கும் இருந்தது. அதைப் போக்கியவள் என் மாணவி ஒருத்தி.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிவீதியார் பாடிய 27-ஆம் பாட்டு. தலைவனைப் பிரிந்த தலைவி, தன் மாமை நிறத்தைப் பசலை உண்ணப் பார்க்கிறது என்று வருந்தும் பாட்டு அது. மாமை என்பது மாந்தளிரின் நிறம் என்றும், கருமை சார்ந்த நிறம் என்றும் பொருள் கூறப்படுவதைச் சொல்லி, பசலை என்பது பிரிவுத் துயரால் மேனி வெளிறிப்போவது என்று விளக்கினேன். கடைசி வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள். "அம்மா, அப்படியானால் வெளுத்துப்போவது ஒரு நோயா? அந்த நோய்க்காகவா நாங்கள் காசு கொடுத்து க்ரீம் வாங்கிப் பூசுகிறோம்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மாலையில் வீடு திரும்பியபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தை இந்த அவையில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்திய வாரம் எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கு நடந்தது. வாயிலில் சந்தனமும் கற்கண்டும் தட்டில் ஏந்திப் பன்னீர் தெளித்து விருந்தினரை வரவேற்க நான்கு மாணவியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. நான் தேர்ந்தெடுத்த நால்வரும் சிவந்த மேனியர். அப்படித் தேர்ந்தெடுக்குமாறு எவரும் எனக்குச் சொல்லவில்லை. என் கை தானாகவே அவர்களைச் சுட்டியது. பட்டுச் சேலை உடுத்து வருவதாக முதலில் கை உயர்த்தியவள் இந்த மாணவிதான். அவளுக்கு நான் கொடுத்த வேலை, அரங்கின் உள்ளே நாற்காலிதோறும் குறிப்பேடு வைப்பது. அகப்பாடல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் நான். மாமையின் அழகைப் பற்றி ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். விளம்பர நிறுவனத்தார் செய்வதையே வாயிலில் நின்று நானும் செய்திருக்கிறேன். அவள் கேட்ட கேள்வி களிம்பைப் பற்றியது மட்டும்தானா என்பதை இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.

முதலில் நம் மொழியிடம் கேட்போம். 'அவள் நல்ல கலர்' என்று நம் வீடுகளில் சொன்னால் என்ன பொருள்? சிவந்த நிறம் உடையவள் என்பது பொருள். 'நிறம் கொஞ்சம் கம்மி' என்றால் கறுத்தவள் என்பது பொருள். அதாவது, சிவப்பு ஒன்றுதான் நிறம். கறுப்பு என்பது நிறத்தின் குறைவு. மணமகள் தேவை விளம்பரங்களில் 'மாநிறம்' என்னும் சொல் இன்னும் வழங்குகிறது. அது மாமையோடு உறவுடைய பழஞ்சொல். சங்கப் புலவர் பெருமிதத்தோடு சொன்னதை நாம் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்கிறோம். ஆங்கிலம் படித்தவர்கள் அதனையும் விட்டுவிட்டுக் 'கோதுமை நிறம்' என்கிறார்கள். நெல் விளையும் நாட்டில் கோதுமை நிறம்! 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்னும் பழமொழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதை நாம் எப்போது சொல்கிறோம்? அழுகின்ற பெண் குழந்தையைத் தேற்றும்போது சொல்கிறோம். சிவந்த குழந்தைக்கு அப்படியோர் ஆறுதல் மொழி தேவைப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

இலக்கியச் சான்றை அளவோடு கையாள வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பசலையைப் புலவர்கள் பொன்னுக்கும் பீர்க்கம் பூவுக்கும் ஒப்பிட்டார்கள். ஆகவே அது மஞ்சள் பாய்ந்த வெளிறல். இன்று களிம்பு விற்போர் காட்டும் வெண்மை அன்று. சங்கத் தமிழர் சிவந்த நிறத்தை வெறுத்தார்கள் என்று சொல்லவும் இடமில்லை. தொல்காப்பியம் முல்லைக்கு மாயோனையும் குறிஞ்சிக்குச் சேயோனையும் தெய்வமாகச் சொல்கிறது. கரியவனும் செய்யவனும் அடுத்தடுத்த நிலங்களில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவரால் மற்றவர் குறைந்துபோகவில்லை. நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் இயல்பான நிறமே அவளுடைய கவின். அந்த நிறம் அவளை விட்டு நீங்குவது துன்பம். திருவள்ளுவர் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, பத்துக் குறள்களில் அத்துன்பத்தைப் பேசினார். இன்றைய விளம்பரம் இதைத் தலைகீழாக்கியது. இயல்பான நிறம் துன்பம் என்றது. அது நீங்குவதே இன்பம் என்றது.

அந்த வாணிகத்தின் வரலாறு நீண்டதன்று. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை இல்லை, மணமகன் இல்லை; களிம்பு பூசினாள், வேலை வந்தது, மணமகன் வந்தான் என்பதே அதன் விளம்பரங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கதை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் எழுப்பிய எதிர்ப்பை அடுத்து, 2003-இல் அவ்விளம்பரங்களுள் இரண்டு தொலைக்காட்சியிலிருந்து நிறுத்தப்பட்டன. 2005-இல் வேறொரு நிறுவனம் ஆடவர்க்கும் தனிக் களிம்பு கொண்டுவந்தது. கறுத்த நிறத்தவரை அழகற்றவராகவோ, துயருற்றவராகவோ, வேலையிலும் மணத்திலும் தோற்பவராகவோ காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இல் நெறிமுறை வகுத்தது. 2020 மே மாதத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டபின் உலகெங்கும் எழுந்த குரலின் ஊடே, அவ்வாண்டு ஜூலையில் அக்களிம்பு 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. மாறியது பெயர். மனம் மாறியதா என்பது நம்மை நோக்கிய கேள்வி.

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. 'வோக்' என்னும் புகழ்பெற்ற ஆடை அழகு இதழ் 1892-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் அமெரிக்கப் பதிப்பின் அட்டையில் முதன்முதலாக ஒரு கறுப்பினப் பெண்ணின் முகம் இடம்பெற்றது 1974 ஆகஸ்டில். அவர் பெவர்லி ஜான்சன். ஓர் அட்டைக்கு 82 ஆண்டுகள். அதற்கு முந்திய ஆண்டு, 1973 நவம்பர் 28 அன்று, பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஐவரும் அமெரிக்க வடிவமைப்பாளர் ஐவரும் தத்தம் ஆடைகளை ஒரே மேடையில் காட்டினர். அமெரிக்கர் பக்கம் ஆடை அணிந்து நடந்தவர்களுள் பத்துப் பேர் கறுப்பினப் பெண்கள். அன்றைய மேடையை வென்றது அமெரிக்கர் அணியே என்று இன்றளவும் பேசுகிறார்கள். ஆயினும், ஒரு மேடையில் திறந்த வாயில் அடுத்த மேடையிலும் திறந்தே இருக்கும் என்பதில்லை. பெதன் ஹார்டிசன் என்னும் முன்னாள் விளம்பர அழகி, கறுப்பினப் பெண்களுக்கு மேடை மறுக்கும் வடிவமைப்பாளர்களின் பெயர்களைச் சுட்டி 2013-இல் வெளிப்படையாகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. வெர்சாய் கழிந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அக்கடிதம் தேவைப்பட்டது.

இன்னொரு செய்தி பாவலர்களுக்கு வியப்பூட்டும். வண்ண நிழற்படத்தை அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் மாதிரி அட்டை ஒன்றை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். அவர் மேனி சரியாக வந்தால் படம் சரி என்பது கணக்கு. அதனால் கறுத்த முகங்கள் படத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் நிழல்களாயின. அந்தப் படச்சுருளின் குறையை நிறுவனம் திருத்தத் தொடங்கியதற்கு ஒரு காரணம், சாக்லேட் விற்போரும் மரச்சாமான் விற்போரும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டதுதான். மனித முகத்துக்குக் கிடைக்காத கவனம் மேசைக்கும் நாற்காலிக்கும் கிடைத்தது. 'கறுப்பு படத்தில் எடுக்காது' என்று நம் ஊர் நிழற்படக்காரர் சொன்னபோது, குறை நம் முகத்தில் என்று நம்பினோம். குறை முகத்தில் இல்லை, சுருளில் இருந்தது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் நம் ஊர்ச் சாலைகளில் எழும் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். காஞ்சிபுரத்துப் பட்டு இருக்கிறது. நெற்றியில் பொட்டும் கூந்தலில் மல்லிகையும் இருக்கின்றன. அந்தப் பட்டை உடுத்தியிருப்பவரோ பெரும்பாலும் அதை நெய்தவரின் மகளைப்போல் இருப்பதில்லை. வாங்கப் போகிறவரின் மகளைப்போலும் இருப்பதில்லை. கடை வாயிலில் நிற்கும் பொம்மைக்கும் அதே வெளுப்பு. அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று நம் நெசவாளர் வழிவழியாகத் தேர்ந்த வண்ணங்கள் மாநிற மேனியில் எப்படிப் பொலியும் என்பதை நம் வீட்டுத் திருமணங்களில் கண்டிருக்கிறோம். சாலையில் காண்பது அரிது. வாங்குபவர் அதைத்தான் விரும்புகிறார் என்று கடைக்காரர் சொல்வார். பல்லாண்டுகள் ஒரே முகத்தைக் காட்டிவிட்டு, மக்கள் அந்த முகத்தைத்தான் விரும்புகிறார்கள் என்பது, ஒரே சோற்றைப் போட்டுவிட்டு அதுவே பிள்ளைக்குப் பிடித்தம் என்பதைப் போன்றது.

மாற்றுக் குரலும் நம் மண்ணிலிருந்தே எழுந்தது என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். கறுப்பு அழகு என்னும் பொருள்பட 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைச் சென்னையிலுள்ள 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் தொடங்கியது. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணை நின்றார். 2017-இல் சென்னையைச் சேர்ந்த நரேஷ் நீல், பரத்வாஜ் சுந்தர் என்னும் இருவர், திருமகள், கலைமகள், முருகன் முதலிய தெய்வங்களைக் கறுத்த மேனியராகக் காட்டி நிழற்படங்கள் வெளியிட்டனர். நாட்காட்டிகளில் வெளுத்துப்போன தெய்வங்களுக்கு மாமையைத் திருப்பித் தந்த முயற்சி அது. நிறம் மட்டுமன்று. அமில வீச்சுக்கு ஆளாகி, அமில விற்பனைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்ற லட்சுமி அகர்வாலை 2016-இல் ஓர் ஆடை நிறுவனம் தன் விளம்பர முகமாக ஆக்கியது. பருத்த உடலினர், முதியவர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர் ஆகியோரும் துணி உடுத்துகிறார்கள் என்பதை விளம்பர உலகம் மெல்ல ஒப்புக்கொண்டு வருகிறது.

ஆனால் இதில் ஏமாந்துவிடவும் கூடாது. பெண்ணின் உண்மை அழகைப் போற்றுவோம் என்று 'டவ்' சோப்பின் பெயரால் 2004-இல் பெரும் விளம்பரம் செய்த யூனிலீவர் நிறுவனமே, அதே காலத்தில் இந்தியாவில் வெளுப்பாக்கும் களிம்பையும் விற்றது. ஒரு கை தழுவியது. மற்றொரு கை தள்ளியது. எனவே ஒரு பலகையில் ஒரு கறுத்த முகத்தைக் கண்டதும் கைதட்டிவிட்டுப் போய்விட இயலாது. அந்த முகம் அடுத்த ஆண்டும் வருகிறதா, முன்வரிசையில் வருகிறதா, மணப்பெண்ணாக வருகிறதா, தோழியாக மட்டும் வருகிறதா என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்க வேண்டியவர்கள் கடைக்காரர்களை மட்டும் கேட்டால் போதாது. பாவலர்களே, சற்றே பொறுத்தருள்க. இவ்விழாவுக்கு வருமுன் என் அலமாரியிலிருந்த கவிதைத் தொகுப்புகள் சிலவற்றைப் புரட்டினேன். காதலி நிலவாக, பாலாக, வெண்பளிங்காக வருகிறாள். கறுத்த பெண் வருகிறாள். களையெடுக்கும் உழத்தியாக, கல்லுடைக்கும் தாயாக, இரக்கத்துக்கு உரியவளாக வருகிறாள். காதலிக்கப்படுபவளாக அவள் வருவது அரிதாகவே இருக்கிறது. வறுமைக்கு ஒரு நிறம், காதலுக்கு ஒரு நிறம் என்று நாமும் முகம் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உவமையும் ஒரு விளம்பரப் பலகையே. நாம் எழுதும் அட்டைக்கு எந்த முகத்தைத் தேர்கிறோம் என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஆண்டுக் கருத்தரங்கில் வாயிலில் நிற்குமாறு அவளை அழைத்தேன். "வேண்டாம் அம்மா, நான் கட்டுரை வாசிக்கிறேன்" என்றாள். வாசித்தாள். பொருள், பசலை. நான் திறக்கத் தவறிய வாயிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. ஆயினும் காத்திருப்பவர்கள் பலர் உள்ளனர். இந்த வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் நம் பாட்டிலும், மலரிலும், வாயிலிலும் அவர்கள் முகத்துக்கு உரிய இடம் அமைவதாகுக என்று வேண்டி அமைகிறேன்.