அடிபட்ட பின் வரும் தலைவலி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் மருத்துவர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடுகளோடு காலங்கழிப்பவர். ஆயினும், நம் காலனியில் எந்தக் குடும்பத்திற்கும் நேரக்கூடிய ஒரு துன்பத்தைப் பற்றி, மருத்துவ வல்லுநர் கூறுவனவற்றைத் தொகுத்து ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்தோ, குளியலறையில் வழுக்கியோ ஒருவருக்குத் தலையிலோ கழுத்திலோ அடிபடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும் வீட்டார் நிம்மதி அடைகின்றனர். அடிபட்டவருக்கோ மாதங்கள் கடந்தும் தலைவலி தீர்வதில்லை. "படத்தில் ஒன்றுமில்லையே, வேலைக்குப் போகாமலிருக்கச் சொல்லும் சாக்கோ?" என்று சுற்றத்தார் ஐயுறுகின்றனர். வலியினும் கொடிது இந்த ஐயப்பாடு அன்றோ!

முதற்கண் ஓர் எச்சரிக்கை. அடிபட்டபின் தலைவலி நாளுக்கு நாள் மிகுதல், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் போன்ற உறக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். முதியோர்க்கு மண்டையினுள் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தும் தொல்லை தரலாம்.

அத்தகைய ஆபத்து இல்லையெனத் தெரிந்தபின்பும் வலி நீடிப்பது ஏன்? கழுத்தின் இரண்டாம் எலும்பருகே புறப்படும் ஒரு நரம்பு, பிடரித் தசைகளை ஊடுருவி உச்சந்தலை வரை படர்கின்றது. கழுத்து வெட்டியிழுக்கப்படும்போது இந்நரம்பு நசுங்கலாம். இறுகிய தசைகளிடையே அகப்பட்டு உறுத்தலாம். அப்போது பிடரியிலிருந்து மின்சாரம் பாய்ந்தாற்போல வலி மேலேறும். கண்ணின் பின்புறமும் தெறிக்கும். தலை வாருவதும் தலையணையில் சாய்வதுங்கூடத் துன்பமாகும். ஆக்ஸிபிடல் நியூரால்ஜியா என்பது இதன் பெயர். எக்ஸ்ரே இதனைக் காட்டாது. பிடரியை அழுத்திப் பார்க்கும் மருத்துவரின் விரலே காட்டும்.

இதற்குச் சிகிச்சை உண்டு. அந்நரம்பின் அருகே மரப்பு ஊசி போடுவர்; வலி அடங்கினால் நோயும் உறுதியாகும், நிவாரணமும் கிட்டும். ஒற்றடம், முறையான கழுத்துப் பயிற்சி ஆகியனவும் துணை செய்யும். அமிட்ரிப்டிலின் என்னும் மருந்தைச் சிறிய அளவில் தருவதும் உண்டு. மனச்சோர்வுக்குரிய மருந்தாயிற்றே என்று எவரும் அஞ்ச வேண்டா. நரம்பு வலியையும் அது தணிக்கும். ஆனால் சவரக்கடையில் கழுத்தைச் சொடுக்கிவிடும் பழக்கத்தை அறவே விலக்குக! கழுத்து இரத்தக்குழாய் கிழிபடவும் கூடும்.

இனி, மாத்திரையைப் பற்றி ஒரு சொல். நாம் வாழும் இவ்வைதராபாத் மாநகரிலேயே, 1888, 1889ஆம் ஆண்டுகளில் குளோரோபாரம் ஆய்வுக் குழுக்கள் இரண்டு கூடின. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் பொருளுதவி புரிய, டாக்டர் எட்வர்ட் லாரி முன்னின்று நடத்தினார். மூச்சைக் கவனித்தாற் போதும், அம்மருந்து இதயத்தைத் தாக்காது என்பது அவர்கள் முடிபு. 1911இல் லெவி என்னும் மருத்துவரோ, அஃது இதயத் துடிப்பையே நிலைகுலைக்க வல்லது என மெய்ப்பித்தார். வலியை மறக்கச் செய்யும் மருந்திலும் ஆபத்து மறைந்திருக்கலாம் என்பதே இதன் பாடம்.

கடையில் நாமே வாங்கும் வலிமாத்திரைக்கும் இது பொருந்தும். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ சாதாரண வலிமாத்திரையை மூன்று மாதங்களுக்கு மேல் விழுங்கிவந்தால், அம்மாத்திரையே புதிய தலைவலியை உண்டாக்கும். பல மருந்துகள் கலந்த மாத்திரைகளுக்கு 10 நாட்களே எல்லை.

கணக்கெழுதிப் பழகிய நமக்கு இதில் ஓர் எளிய வழி உண்டு. எந்நாள் வலித்தது, எப்பக்கம், எத்தனை நாழிகை, எம்மாத்திரை என நாட்காட்டியில் குறித்து வருக. வலி மூன்று மாதங்களைக் கடந்தால், அக்குறிப்போடு நரம்பியல் மருத்துவரை நாடுக. பஞ்சாகுட்டாவிலுள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகம் போன்ற பெருமருத்துவமனைகளில் அத்துறை உண்டு.

அனைத்திற்கும் மேலாக, "வலிக்கிறது" என்று ஒருவர் கூறும்போது நம்புங்கள். உற்றார் நம்பினாலன்றி அவர் மருத்துவமனை வாயிலை மிதிப்பது அரிது. நம்பிக்கையே சிகிச்சையின் முதற்படி.