ஊசி முனையில் உலை

(ஆண்டு விழாவில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



பிழைப்பை நாடி லக்னோ நகரில் குடியேறிய நாம், விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் உறவினருக்குத் தவறாமல் வாங்கிச் செல்வது சிக்கன் துணி. பெயரைக் கேட்டு ஊர்க் குழந்தைகள் கோழியை எண்ணிச் சிரிப்பார்கள். துணியைக் கண்டு பெரியவர்கள் வியப்பார்கள். அதைத் தைத்த கை எது என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

இக்கலையை நூர்ஜஹான் வளர்த்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. நவாபுகள் காலத்தில் அது லக்னோவில் செழித்தது. மெல்லிய துணியில் மர அச்சால் நீலக் கோலம் பதிப்பார்கள். அதன்மேல் வெண்ணூலால் பூ வேலை செய்வதே பெண்களின் பணி. அரிசி மணிபோல் திரண்டு நிற்பது ‘முர்ரி’. தினையளவாய்ச் சிறுத்திருப்பது ‘பந்தா’. உட்புறம் தைத்து, வெளிப்புறம் நிழலாகத் தோன்றச் செய்வது ‘பக்கியா’. இழையை அறுக்காமல் ஊசியால் விலக்கிச் சாளரம்போல் அமைப்பது ‘ஜாலி’. முடிவில் வண்ணார் துவைத்ததும் நீலம் மறையும், வெண்பூக்கள் நிற்கும்.

வணிகர், தையற்காரர், அச்சுக்காரர், வண்ணார் எனப் பலர் கைமாறும் இத்தொழிலில், நெடுநேரம் உழைப்பவள் ஊசி பிடிக்கும் பெண். கூலியில் மெலிந்தவளும் அவளே. பழைய நகரத்துச் சந்துகளிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும், அடுப்புக்கும் தொட்டிலுக்கும் இடையே கிடைக்கும் வேளையில் தைக்கிறாள். கணவனை இழந்த எத்தனையோ பேருக்கு அவ்வூசியே உலை வைக்கிறது. தரகர் தருவதே துணி; அவர் சொல்வதே கூலி. மங்கிய ஒளியில் கண்ணும் மங்குகிறது.

இந்நிலையை மாற்ற, 1984-இல் ருணா பானர்ஜி அம்மையார் முதலியோர் லக்னோவில் ‘சேவா’ அமைப்பைத் தொடங்கினர். தரகரின்றி விற்கும் வழி பல பெண்களுக்குத் திறந்தது. 2008-இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிட்டியது. 2024-இல் சிக்கன் கலைஞர் நசீம் பானு அம்மையார் பத்மஸ்ரீ விருது பெற்றார். எனினும் மலிவான இயந்திரத் தையல் கடைவீதியை நிறைத்து, கைவேலையின் விலையைக் கீழே இழுக்கிறது.

நாமும் குற்றமற்றவர் அல்லர். சென்ற குளிர்காலத்தில் நம் காலனிக்குத் துணி மூட்டையுடன் ஒரு மூதாட்டி வந்தார். ஒரு குர்தாவுக்கு விலையைக் குறைக்கும்படி நாங்கள் வற்புறுத்தினோம். “இரண்டு மாதம் தைத்தேன், மகளே. அதில் எத்தனை நாளைத் தள்ளட்டும்?” என்றார் அவர். எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தோம். ஆனால் அந்த வினா இன்னும் எங்களை விட்டு அகலவில்லை.

அன்பர்களே, வாங்கும்முன் துணியின் மறுபுறத்தைத் திருப்பிப் பாருங்கள்; கைத்தையலின் முடிச்சும் ஏற்றத்தாழ்வும் அங்கே தெரியும். தைத்தவரே விற்க வந்தால் பேரம் பேசாதீர்கள். அடுத்த ஆண்டு விழாவில் அப்பெண்களுக்கு ஒரு கடை அமைக்கச் சங்கத்தார் இடமளிக்க வேண்டுகிறோம். நம்மை வாழவைக்கும் ஊருக்கு நாம் செய்யத்தக்க சிறு கைம்மாறு அது.