கால் பிடித்தால்தான் கதவு திறக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



உயிரியல் படித்த எல்லோரும் பரீட்சையில் ஒரு படம் வரைந்திருப்போம். பட்டை தீட்டிய கல் போல நீண்ட தலை, நேரான வால், ஆறு கால். அதுதான் டி4 பாக்டீரியோஃபேஜ். ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். பாகங்களைக் குறித்து மார்க் வாங்கியதோடு அதை மறந்துவிட்டோம். ஆனால் அந்தப் பாகங்கள் செய்கிற வேலையைப் பார்த்தால், இன்றைய மருத்துவத்தின் ஒரு பெரிய கேள்விக்கு அதில் விடை இருக்கிறது.

இதன் மொத்த நீளம் சுமார் 200 நானோமீட்டர். 5,000 ஃபேஜ்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். தலையின் நீளம் சுமார் 120 நானோமீட்டர். உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் அதைப்போல 470 மடங்கு! பெட்டியில் துணியை அமுக்கி மூடுகிற மாதிரி, ஒரு புரத மோட்டார் அதைத் திணித்து வைக்கிறது.

கால் இருக்கிறதே என்று, இது பாக்டீரியாவைத் தேடி நடந்து போகும் என நினைக்காதீங்க. தற்செயலாகத்தான் அதன்மேல் மோதும். கால் என்று நாம் சொல்வது வால் இழை. அதன் நுனி பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்ட மூலக்கூறைத் தொட்டுப் பார்க்கும். பொருந்தினால் பிடிக்கும், இல்லையென்றால் விட்டுவிடும். பிடித்த பிறகு வாலின் வெளியுறை பாதிக்கும் கீழாகச் சுருங்கும். சுருங்காத உள்குழல் ஊசி போல இறங்கும். நுனியில் உள்ள நொதி செல்சுவரைக் கரைக்கும். டி.என்.ஏ. உள்ளே போய்விடும், கூடு வெளியிலேயே நின்றுவிடும். 1952இல் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் இதை வைத்துத்தான் மரபுப் பொருள் டி.என்.ஏ.தான் என்று காட்டினார்கள். சுமார் அரை மணி நேரத்தில் செல் வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட புது ஃபேஜ்கள் வெளியே வரும்.

சரி, இதனால் நமக்கு என்ன? எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத கிருமிகள் பெருகிவருகின்றன. அப்படி ஒரு கிருமியால் உயிருக்குப் போராடிய டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியரை, 2016இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஃபேஜ்களைச் செலுத்திப் பிழைக்க வைத்தார்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஒருவரின் கிருமியைப் பிடிக்கும் வால் இழை, அடுத்தவரின் கிருமியைத் தொடாமலே போகலாம். கிருமியும் சும்மா இருக்காது. அந்த மூலக்கூறையே மாற்றிக்கொள்ளும். பேட்டர்சனுக்கும் சிகிச்சையின் நடுவே வேறு ஃபேஜ் தேட வேண்டி வந்தது. அதனால் ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் வளர்த்து, எந்த ஃபேஜ் அதைக் கொல்கிறது என்று சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதே குணத்தில் ஒரு நன்மையும் உண்டு: குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்குப் பெரும்பாலும் சேதமில்லை.

தம்பி தங்கைகளே, இந்தச் சோதனையின் முதல் படிக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தட்டில் பரவி வளர்ந்த பாக்டீரியாவின் நடுவே தெளிவான வட்டம் விழுந்தால், அங்கே ஃபேஜ் வேலை செய்திருக்கிறது. சாக்கடைத் தண்ணீரிலேயே ஃபேஜ்கள் கிடைக்கும். பொறுமையாகத் தேடுகிற ஆட்கள்தான் தேவை. உங்களில் சிலர் அந்த வேலைக்கு வரவேண்டும்.