உடன்பிறந்தானுக்கு ஒரு கல்



அமெரிக்க மாநிலங்களுள் பரப்பளவில் மிகச் சிறியது ரோட் ஐலண்ட். சமயக் கருத்து வேறுபாட்டால் மாசசூசெட்ஸிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ், 1636இல் மனச்சான்றின் உரிமையை நிலைநாட்டிய மண் அது. நியூபோர்ட் நகரில் 1763இல் திறக்கப்பெற்ற டூரோ தொழுகைக் கூடம், அந்நாட்டில் இன்றும் நிற்கும் யூதக் கோயில்களுள் மிகப் பழமையானது.

அதே நியூபோர்ட்டிலிருந்துதான் அடிமை வாணிபக் கப்பல்களும் ஆப்பிரிக்காவுக்குப் பாய் விரித்தன. அந்நகரப் பொது இடுகாட்டில், 'கடவுளின் சிறுநிலம்' என்று வழங்கும் பகுதி ஆப்பிரிக்கர்களுக்குரியது. அங்கே 1768இல் மறைந்த கஃபி கிப்ஸ் என்பவரின் கல்லறைக் கல் உள்ளது. அதனைச் செதுக்கியவர், கல்தச்சுப் பட்டறையில் அடிமையாய் உழைத்த பாம்பி ஸ்டீவன்ஸ். இருவரும் உடன்பிறந்தவர்கள், ஆயினும் குடும்பப் பெயர்கள் வேறு. அவை அவரவர் எசமானர்களின் பெயர்கள். உடன்பிறந்தவர் நினைவாகத் தாமே வெட்டிய கல் என்பதைப் பாம்பி அக்கல்லிலேயே பொறித்துவைத்தார்.

தம் உடலே தமக்கு உரிமையாகாத ஒருவர், தம் படைப்பில் தம் பெயரை எழுதினார். அறுந்த உறவையும் எழுதினார். டூரோ கூடத்தைக் காணச் செல்வோர் இக்கல்லையும் கண்டு வருதல் வேண்டும். ஒன்றை மட்டும் கண்டால் அம்மண்ணின் வரலாறு பாதிதான்.

பத்தாண்டு மலரில் நம் பெயர்களை அச்சேற்றும் இவ்வேளையில், பெயரின் அருமையை அந்தக் கல்தச்சரிடம் கற்போமாக.