நாடகத்தின் உறுப்பும் வகையும்
(நேமத்தான்பட்டியில் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயல், இசை, நாடகம் என முத்தமிழைப் போற்றும் நாம், நாடகத்தை மட்டும் பள்ளி ஆண்டு விழாவோடு முடித்துவிடுகின்றோம். எழுதிக் கொடுத்த வசனத்தைச் சிறுவன் கிளிபோல் ஒப்புவிக்கின்றான், நாம் கைகொட்டுகின்றோம், மறுநாள் யாவும் மறந்துபோகின்றது. நாடகத்தின் அமைப்பை அறிந்து நடிப்பானாயின் அதுவே அவனுக்குக் கல்வியாகும்.

நாடகத்திற்கு உறுப்புக்கள் ஐந்து எனக் கொள்ளலாம். அவை கதை, கதைமாந்தர், உரையாடல், மெய்ப்பாடு, அரங்கம் என்பன. இவற்றுள் முதன்மையானது கதை. அதற்கு உயிர் முரண். ஒருவன் விரும்புவதை மற்றொருவனோ, ஊழோ, அவன் மனமோ தடுத்தாலன்றி நாடகம் பிறவாது.

கதை வளரும் முறையைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாகப் பகுத்து, பயிர்த்தொழிலோடு ஒப்பிட்டு விளக்குகின்றார். விதை முளைப்பது முகம், நாற்றாவது பிரதிமுகம், கதிர் கருக்கொள்வது கருப்பம், முற்றுவது விளைவு, அறுத்துண்பது துய்த்தல்.

இதனைக் கண்ணகி கதையிற் பொருத்திப் பாருங்கள். அவளும் கோவலனும் புகார் நகரத்து வணிகர் குடியினர். புகாரினின்று வந்தோம் என்னும் மரபுடைய நமக்கு அக்கதை அயலாருடையதன்று. கோவலன் மாதவியை நாடிச் செல்வது விதை. பொருளிழந்து மீண்டு சிலம்போடு மதுரைக்குப் புறப்படுவது நாற்று. பொற்கொல்லனிடம் சிலம்பைக் காட்டுவது கருப்பம். அரசவையிற் சிலம்பு உடைந்து உண்மை வெளிப்படுவது விளைவு. அதன்பின் நிகழ்வன யாவும் துய்த்தல்.

பாண்டியனாக நடிக்கும் மாணவன், தீர விசாரியாது அளித்த தீர்ப்பின் கொடுமையைத் தன் நடுங்கும் கையாலும் தழுதழுக்கும் குரலாலும் காட்டுகின்றானே, அதுவே மெய்ப்பாடு. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்தார். பிறர் துயரைத் தன் உடம்பில் ஏற்று நடித்த சிறுவன், நாளைக்குக் கணக்கு மேசையில் அமர்ந்தாலும் ஏழையின் வழக்கைச் செவிமடுப்பான்.

இனி வகைகள். இன்பத்தில் முடிவது இன்பியல். துன்பத்தில் முடிவது துன்பியல். சிரிக்கவைத்துக் குறையைக் காட்டுவது நகைச்சுவை நாடகம். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' அத்தகையது. அதனைக் காரைக்குடியிற் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் 1941இல் திரைப்படமாக்கினார். அக்கால வாழ்வைக் காட்டுவது சமூக நாடகம். 'தியாக உள்ளம்' என்னும் நாடகமே காரைக்குடியில் 'நாம் இருவர்' எனப் படமாகி 1947இல் வெளிவந்தது. முழுதும் செய்யுளால் அமைவதும் உண்டு; 1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அதற்குச் சான்று.

"நாடகம் பிள்ளைகளைக் கெடுக்கும்" என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அத்தகைய பாலர் சபைகளிற் பெருங்கலைஞர் பலர் உருவாயினர். எனினும் அச்சிறுவர் வீட்டையும் பள்ளியையும் பிரிந்து ஊர் ஊராகத் திரிய வேண்டியிருந்தது. இன்று அத்தியாகம் வேண்டுவதில்லை. பிள்ளை நாடகத்தை நாடிப் போகவேண்டாம். நாடகம் பள்ளிக்குள் வரட்டும்.

ஆதலின் பெற்றோர்களே! ஆண்டுக்கு ஒரு நாடகமேனும் பிள்ளைகள் தாமே எழுதி நடிக்கட்டும். திரையும் ஒப்பனையும் குறைந்தாற் குற்றமில்லை. வளவிலே நான்கு விளக்கு ஏற்றினால் அரங்கம் ஆயிற்று. பெண்மக்களுக்கும் அவ்வரங்கில் ஒத்த இடம் வேண்டும். விதை நம் கையில் உள்ளது, விதைப்போமாக.