மீன் மட்டும் ஓடின டிவி

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, 4கே டிவி இப்பவே வாங்கலாமா, இல்ல 8கே விலை குறையட்டும்னு வெயிட் பண்ணலாமா?" பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டு டிவி கதையைச் சொல்லிடறேன்.

2011 தீபாவளி, மதுரை. நான் ஒன்பதாவது படிக்கிறேன். அப்பா பிஎஃப்ல லோன் போட்டு 42 இன்ச் 3டி டிவி வாங்கினார். கடையில கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டாங்க. ஒரு ஆரஞ்சு மீன் திரையை விட்டு நீந்தி வந்து அப்பா மூக்குக்கு நேரா நின்னுச்சு. அவர் கையை நீட்டித் தொடப் பார்த்தார். அவ்வளவுதான், பில் போட்டாச்சு.

பெட்டியில ரெண்டு கண்ணாடி, வீட்டுல நாலு பேர். அதுகூடப் பரவாயில்ல. போட்டுப் பார்க்க என்ன இருக்கு? சேல்ஸ்மேன் அந்த மீன் வீடியோவை ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணிக் கொடுத்திருந்தார். மொத்தம் நாலு நிமிஷம். சொந்தக்காரங்க யார் வந்தாலும் காபி, முறுக்கு, மீன். பொங்கலுக்குள்ள எல்லாரும் பார்த்து முடிச்சிட்டாங்க.

ரிமோட்ல 2டியை 3டியா மாத்துற பட்டன் ஒண்ணு இருக்கும். அதைப் போட்டு சீரியல் பார்த்தோம். மாமியார் முகம் உள்ள போகும், கீழ ஓடுற விளம்பர வரி தனியா மிதக்கும். அம்மா ஏற்கெனவே பவர் கண்ணாடி போடுறவங்க. அதுக்கு மேல இன்னொண்ணு மாட்டி, பத்தே நிமிஷத்துல தலைவலின்னு எழுந்து போயிட்டாங்க.

தப்பு டிவியில இல்லைங்க. இன்ஜினியரா சொல்றேன், அந்தக் கண்ணாடி அழகான ஐடியா. இடது கண், வலது கண்ணுன்னு மாறி மாறி மூடித் திறக்கும். அதே வேகத்துல திரையும் ரெண்டு படத்தை மாத்திக்கிட்டே இருக்கும். ஆனா அந்த ரெண்டு படத்தை யாராவது எடுக்கணுமே? 2010 உலகக் கோப்பை ஃபுட்பாலில் 25 மேட்ச்சை 3டியில எடுத்தாங்க. அது எங்க வீட்டு கேபிள் வரைக்கும் வரல. தமிழ்ல 2012ல 'அம்புலி' வந்துச்சு, அந்த வருஷக் கடைசியில 'சிவாஜி' 3டியா மாறி வந்துச்சு. ரெண்டையும் தியேட்டர்லதான் பார்க்க முடிஞ்சுது. எங்க ஏரியா கடையில 3டி டிஸ்க்னு கேட்டா, "கார்ட்டூன் இருக்கு, இங்கிலீஷ்ல"ன்னாங்க. அமெரிக்காவிலேயே ஈஎஸ்பிஎன் தன்னோட 3டி சேனலை 2013ல மூடிடுச்சு. 2017ல சோனி, எல்ஜி ரெண்டும் 3டி டிவியையே விட்டுட்டாங்க.

விசிடி பிளேயரை யோசிச்சுப் பாருங்க. அதுக்கு யார் டெமோ காட்டினாங்க? தெருமுனைக் கடையில வாடகைக்குப் படம் கிடைச்சுது. (திருட்டு விசிடிதான் பாதி. தப்புதான், ஆனா உண்மை.) 1982ல தூர்தர்ஷன் கலருக்கு மாறினப்போ, அந்த நவம்பர்லயே டெல்லி ஆசிய விளையாட்டு கலர்ல வந்துச்சு. 2006ல கலைஞர் அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சப்போ, பார்க்கிறதுக்கு தமிழ் சேனல் வரிசையா இருந்துச்சு. சரக்கு ரெடி, பெட்டிதான் பாக்கி. எங்க வீட்டுல தலைகீழ்.

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, போன வருஷம் ஆபீஸ்ல எனக்கு வந்த வேலை டிவிக்கான 'ஸ்டோர் மோட்'. அதாவது கடையில வைக்கும்போது வெளிச்சத்தையும் கலரையும் ஏத்திவிட்டு, ஒரு டெமோ வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டுற சாஃப்ட்வேர். கோடு எழுதி முடிச்சு வீடியோவைப் போட்டுப் பார்க்கிறேன். கடலுக்கடியில பவளப்பாறை. எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணிச்சு.

மீட்டிங்ல கேட்டேன்: "சாதாரண கேபிள் சேனல் இதுல எப்படித் தெரியும்னும் ஒரு நிமிஷம் காட்டலாமே?" எல்லாரும் சிரிச்சாங்க. "அதைக் காட்டினா யார் வாங்குவா?" நானும் சிரிச்சேன். அது இன்னும் உறுத்துது.

சரி, உங்க கேள்வி. 4கே திரையில சுமார் 83 லட்சம் புள்ளி. பழைய எஸ்டி கேபிள் பெட்டி அனுப்புறது 720க்கு 576, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம். ஒவ்வொரு நிஜப் புள்ளிக்கும் 19 புள்ளியை டிவி தானே கற்பனை பண்ணி நிரப்பணும். யூட்யூப், ஓடிடின்னு பார்க்கிற ஆளா, நெட் நல்லா வருதா, 4கே வாங்குங்க, நல்லா இருக்கும். வீட்டுல நாள் முழுக்க எஸ்டி கேபிள்தான்னா, அந்தக் காசுல முதல்ல எச்டி பெட்டிக்கு மாறுங்க. 8கேவை இப்போதைக்கு மறந்துடுங்க. எது வாங்கினாலும், கடைக்காரர்கிட்ட டெமோவை நிறுத்தச் சொல்லி, நீங்க வீட்டுல பார்க்கிற சேனலைப் போடச் சொல்லுங்க. முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அப்பா பொங்கலுக்கு சென்னை வந்திருந்தார். ஒரு மாலில் சுவர் அளவுக்கு ஒரு டிவி, பவளப்பாறை ஓடுது. நான் எழுதின மோட்தான். கொஞ்ச நேரம் நின்னு பார்த்தவர், என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இதுல சன் டிவி வருமாப்பா?"